காலடிப்பேட்டைக்கு வரும் கரிசல்காட்டு நாய்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறது என் தங்கை வீடு. இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய சந்து. கீழே முன்னறையும் சமையலறையும், மாடியில் ஓர் அறை, அதற்கு மேல் மொட்டைமாடி. மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல் தெரியும், மறுபக்கம் மணலியின் புகைபோக்கிகள் தெரியும். போன ஆவணியில் வாசலில் நிறுத்தியிருந்த மச்சானின் பைக் காணாமல் போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நாய்ப் பேச்சுதான்.

மச்சானுக்கு ராஜபாளையம் வேண்டும். "பால் மாதிரி வெள்ளையா, ரோஸ் மூக்கோட வாசல்ல நின்னா போதும் மச்சான். எவனும் கிட்ட வரமாட்டான்." ஒன்பதாவது படிக்கும் தங்கை மகனுக்குச் சிப்பிப்பாறை வேண்டும். 'பரியேறும் பெருமாள்' படத்தை எத்தனை முறை பார்த்தான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. அதில் வரும் நாய் கறுப்பி மாதிரி ஒன்று வேண்டுமாம். தங்கைக்கு இரண்டும் வேண்டாம். "இருக்கிற வேலைக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்ணா" என்கிறாள். நான் அறிவியல் எழுதுகிறவன் என்பதால், தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

இரண்டும் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள். ஒன்றுக்கு ராஜபாளையம் ஊர்ப்பெயர், மற்றதற்குச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயர். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. 2017இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். 2020இல் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம், ஆடு மாடுகளைப் பதிவு செய்வதுபோல நாய்களையும் முதன்முறையாகப் பதிவு செய்தது. அப்போது இடம்பெற்ற மூன்று இனங்களில் இரண்டு இவை; மூன்றாவது கர்நாடகத்து முதோல். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமரும் வானொலியில் இவற்றின் பெயரைச் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் சென்னைத் தெருக்களில் லாப்ரடாரும் பக்கும் தென்படும் அளவுக்கு இவை தென்படுவதில்லை.

உருவத்தை முதலில் பார்த்துவிடுவோம். ராஜபாளையம் ஆண் நாயின் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர். எலும்பு கனம், மார்பு ஆழம். காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கவும் தோட்டத்தைக் காக்கவும் வளர்த்த உடம்பு அது. சிப்பிப்பாறை அதைவிடக் குட்டை, ஒல்லி, முயல் விரட்டப் பிறந்தது. சாம்பலும் செம்மண் நிறமுமாக வரும். கறுப்பில் பழுப்பு கலந்து வந்தால் 'கன்னி' என்று தனிப்பெயர் வைத்து அழைப்பார்கள். முயல் வேட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. நாயின் உடம்புக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அந்த உடம்பு எப்படிப்பட்டது? பெரும்பாலான நாய்கள் மூக்கால் வேட்டையாடும். இவை கண்ணால் வேட்டையாடும் வகை. நீண்ட முகம் வெறும் அழகுக்கு வந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் பால் மெக்ரீவியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 2004இல் ஒன்றைக் காட்டினார்கள். நாயின் மூக்கு எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு அதன் விழித்திரையில் நரம்புச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டையாகக் குவிந்திருக்கும். பக் போன்ற சப்பை முகத்து நாய்க்கு அவை நடுவில் ஒரு வட்டமாகக் குவியும். வட்டம் இருந்தால் மடியில் படுத்து நம் முகத்தைப் பார்க்க வசதி. பட்டை இருந்தால் தொடுவானம் முழுக்க ஒரே பார்வையில் விழும்; கழுத்தைத் திருப்பாமலே கரிசல்காட்டின் கோடியில் அசையும் காதைப் பிடித்துவிடும்.

ஓட்டமும் அப்படித்தான். குதிரை பாய்ந்து ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் ஒருமுறைதான் தரையை விட்டு எழும். இந்த நாய்களுக்கு இருமுறை. முதுகை வில்லாக வளைத்துக் கால்களை வயிற்றுக்குக் கீழே கூட்டும்போது ஒன்று, நாண் விட்டதுபோல் நீட்டும்போது இன்னொன்று. சிவிங்கிப்புலியும் இதே ஓட்டம்தான் ஓடும். இந்த வேகம் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். மீதி நேரமெல்லாம் தூக்கம். ஆகவே, 'வேட்டை நாய்க்குத் தோப்பும் துரவும் வேண்டும், சந்து வீட்டுக்கு ஆகாது' என்பது பாதி உண்மை. காலையில் ஒரு விரட்டு, மாலையில் ஒரு விரட்டு கிடைத்தால் பகல் முழுக்கக் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கும்.

அந்த விரட்டுக்கு இடம் எங்கே என்பதுதான் எங்கள் பகுதியின் சிக்கல். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். கடல் இருக்கிறது, மணல் இல்லை. வங்கக் கடலின் அலை கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதும் மணல் அதன் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது, ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை கரைந்தது. இப்போது இங்கே கடலோரம் என்றால் கொட்டிய கருங்கல். கல் இடுக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட நினைக்கும் நாயின் கால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சேர்ந்த துண்டு மணலோ, விடிவதற்குள் சுற்றுச்சுவர் உள்ள பள்ளி மைதானமோ கிடைத்தால்தான் உண்டு.

இனி மச்சானின் பால் வெள்ளைக்கு வருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது இதுதான்.

கருவில் நாய்க்குட்டிக்கு முதுகுத்தண்டு உருவாகும் இடத்தை ஒட்டி 'நரம்பு முகடு' என்று ஒரு செல் வரிசை தோன்றும். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனோசைட் செல்களுக்கு அதுதான் பிறந்த ஊர். பிறந்த ஊரில் அவை தங்குவதில்லை. முதுகிலிருந்து இரு விலாப்பக்கமும் இறங்கி, தலை, மார்பு, கால் என்று ஊர்ந்துபோய்க் குடியேறும். கிளம்பியவை குறைவாக இருந்தாலோ வழியில் மடிந்தாலோ கடைசி ஊர்களுக்கு ஆள் போய்ச் சேராது. உங்கள் தெரு நாய்களைப் பாருங்கள். வெள்ளை விழுந்திருப்பது மார்பிலும் பாதத்திலும் வால் நுனியிலும்தான். எல்லாமே முதுகிலிருந்து தொலைவான இடங்கள். இந்தக் குடியேற்றம் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோனால் நாய் முழு வெள்ளையாகப் பிறக்கும். மூக்கு நுனிக்கும் செல் வராததால் அது கறுக்காமல் ரோஸாகவே நிற்கும்.

அந்தச் செல்கள் போய்ச் சேர வேண்டிய ஊர்களில் உள்காதும் ஒன்று. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்லியாவின் சுவரில் ரத்தநாளங்கள் நிறைந்த ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. அங்கே மெலனோசைட்டுகளுக்கு நிறம் பூசும் வேலை கிடையாது. காக்லியாவின் திரவத்தில் பொட்டாசியத்தைத் தேக்கி ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவது அவற்றின் வேலை. ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கும் மயிர்ச்செல்கள் அந்த பேட்டரியில்தான் ஓடுகின்றன. மெலனோசைட் வரவில்லை என்றால் பேட்டரி இல்லை. நாய்க்குட்டிக்குக் காதுத்துளை திறப்பது இரண்டாம் வாரத்தில். மெலனோசைட் வராத காதில் மூன்றாம் நான்காம் வாரத்தில் அந்தப் பட்டை சுருங்கும், மயிர்ச்செல்கள் மடியும். பிறகு எந்த மருந்தாலும் அவை திரும்ப வராது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆய்வகத்து வெள்ளை எலிக்கு நன்றாகக் காது கேட்கும். ஏனென்றால் அது அல்பினோ. அதன் உடம்பில் மெலனோசைட்டுகள் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். சாயம் தயாரிக்க மட்டும் தெரியாது. காதுக்குச் சாயம் தேவையில்லை, ஆள் இருந்தால் போதும். ராஜபாளையம் அல்பினோ அல்ல, அதன் கண்ணில் நிறம் உண்டு. இது ஆளே போய்ச் சேராத வெள்ளை.

இந்தத் தொடர்பு நாய்க்காரர்கள் கண்டுபிடித்த புதுச்சங்கதி இல்லை. நீலக் கண் கொண்ட வெள்ளைப் பூனைகள் பொதுவாகச் செவிடாக இருப்பதை டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலேயே குறித்திருக்கிறார். நாய்களில் அதிகம் ஆராயப்பட்டது டால்மேஷன். அமெரிக்காவில் பரிசோதித்த டால்மேஷன்களில் நூற்றுக்கு 8க்கு இரு காதும் கேட்கவில்லை, 22க்கு ஒரு காது கேட்கவில்லை. நீலக் கண் இருந்தால் இந்த விகிதம் இன்னும் கூடுகிறது.

நம்மூரில் நடந்தது என்ன? ராஜபாளையம் என்றால் மாசில்லாத வெள்ளை என்று வைத்துக்கொண்டோம். புள்ளி விழுந்த குட்டியை ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தோம். இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். வாங்குகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. 'ராஜபாளையம் பிடிவாதக்கார நாய், ஒரு ஆள் பேச்சைத்தான் கேட்கும்' என்ற பெயரில் கொஞ்சமாவது காதைச் சேர்ந்தது என்பது என் சந்தேகம். கூப்பிட்டால் வராத குட்டி அடிதான் வாங்கும். அடிக்கிறவருக்கு அது திமிர். குட்டிக்கோ ஏன் அடி விழுகிறது என்றே புரியாது.

காது கேட்காத நாயை வளர்க்க முடியாது என்று சொல்ல வரவில்லை. கை அசைவுக்குப் பழக்கலாம், அழகாகப் பழகும். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஊரில், ஹாரன் கேட்காத நாய் ஒரு நொடி கயிறு நழுவினாலும் திரும்பி வராது. தூங்கும்போது குழந்தை வந்து தொட்டால் திடுக்கிட்டு எழுந்து கடிக்கவும் கூடும். தெரிந்தே வாங்குகிறவர் இதற்கெல்லாம் ஏற்பாடு செய்துகொள்வார். தெரியாமல் வாங்குவதில்தான் வம்பு.

தெரிந்துகொள்வது எளிது. குட்டிக்கு ஐந்து வாரம் ஆன பிறகு, கூடப்பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனியே விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மற்றவை தலை திருப்பும்போது இதுவும் திருப்பி உங்களை ஏமாற்றிவிடும். அது கண்ணயர்ந்த நேரத்தில், பின்பக்கமாக, அதன் பார்வையில் படாமல் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்று முகத்தில் படும், காலைத் தட்டினால் தரை அதிரும். அவை காதுக்கான சோதனை ஆகா. எழுந்ததா, எழுந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள். ஒலி வந்த திசைக்கு எதிரே தேடினால் ஒரு காது மட்டும் கேட்கிறது என்று சந்தேகிக்கலாம். இதைத் தீர்மானமாகச் சொல்லும் பரிசோதனையும் உண்டு. காதில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, தலைத்தோலில் பதித்த மெல்லிய மின்முனைகள் வழியே மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்கும் காதுக்குப் பத்து மில்லிநொடிக்குள் வரிசையாக அலைகள் எழும், கேளாத காதுக்கு வெறும் நேர்க்கோடுதான். ஒரு காது கேட்கும் நாய் வீட்டுக்குப் போதும். ஆனால் குட்டி போட விடக்கூடாது.

மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அப்போ சிப்பிப்பாறைல ஒரு கோளாறும் இல்லையா?"

உண்டு. முதல் கோளாறு பூனை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கும்வரை வடசென்னையில் பூனைக்குப் பஞ்சம் வராது. சிப்பிப்பாறையின் விழித்திரைப் பட்டையில் பூனைக்கும் முயலுக்கும் வேறுபாடு கிடையாது. சின்ன உருவம் ஒன்று விருட்டென ஓடினால் போதும், மூளை அனுமதி கேட்பதற்குள் கால் கிளம்பிவிடும். இதைப் பயிற்சியால் முழுக்க அழிக்க முடியாது, குறைக்கலாம். மொட்டைமாடியின் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுவருக்கு மேல் வலை கட்டாமல் சிப்பிப்பாறையை மாடியில் விடுவது, மாடியிலிருந்து தள்ளிவிடுவதற்குச் சமம். ராஜபாளையத்துக்கும் விரட்டும் குணம் உண்டு. ஆனால் அதன் கனத்துக்குக் கிளம்பும் முன் அரை நொடி யோசனையாவது இருக்கும்.

இரண்டாவது, சத்தம். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான். நாம் கேட்கும் இரைச்சலுக்கு மேலே இன்னொரு மாடி இரைச்சல் அதற்கு உண்டு. கறுப்பியாக நடித்த நாயின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். 2024 தீபாவளியில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடி, வண்டியில் அடிபட்டு அது இறந்ததாகச் செய்தி வந்தது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் பக்கத்தில் பிறக்கும் இனத்துக்கு வெடியே எமனாக வருவது என்ன கணக்கோ! நாய்க்குட்டியின் மூளை உலகத்தைப் 'பழகியது, பழகாதது' என்று பிரித்து வைப்பது ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை. அந்தக் காலத்தில் கரிசல்காட்டின் அமைதியில் மட்டுமே இருந்த குட்டி, திடீரென்று தண்டையார்பேட்டை கூட்ஸ் ரயில் சத்தத்தில் வந்து இறங்கினால் வாழ்நாள் முழுக்க மிரண்டுகொண்டேதான் இருக்கும்.

அதற்காக முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி வருவதும் தவறு. எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஆறு வாரம் கிடைக்கிறது. அதற்குள் கையில் தூக்கிக்கொண்டு லாரியும் ரயிலும் மேளமும் தூரத்திலிருந்து காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். தடுப்பூசி முடியும்வரை தரையில் இறக்கக் கூடாது, பார்வோ வைரஸ் தெருவில் கிடக்கும். மருமகன் இந்த ஆறு வாரத்துக்கு ட்யூஷனுக்கு லீவு போடத் தயார் என்றான்.

வெயிலைப் பற்றித் தங்கை கேட்டாள். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேர்க்காது. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஈரம் நாய்க்கு இருப்பது மூக்குக்குள்ளும் நாக்கிலும். மூச்சு வாங்கும் நாய் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது என்று 1970இலேயே நட் ஷ்மிட்–நீல்சன் குழுவினர் காட்டினார்கள். நீண்ட மூக்குக்குள் சுருள் சுருளாக ஈரப்பரப்பு அதிகம், ஆகவே இரண்டு இனமும் பக்கைவிடப் பல மடங்கு தேவலை. இதில் சிப்பிப்பாறைக்கு இன்னொரு வசதி. உடம்பு சிறுத்து ஒடுங்க ஒடுங்க, எடைக்கு ஏற்ற தோல்பரப்பு கூடும், சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் எங்கள் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அனல் காயும் சாத்தூரில் ஆவியாகும் எச்சில் இங்கே அவ்வளவு லேசில் ஆவியாகாது. மே மாதம் காலை ஏழு மணிக்கு மேல் ஓட விடாதீர்கள். வெள்ளை முடி வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது மெய்தான். அதன் அடியில் இருக்கும் நிறமற்ற தோலும் ரோஸ் மூக்கும் வெந்துபோகும் என்பதும் மெய். ராஜபாளையத்தை நண்பகலில் மாடியில் கட்டிவைத்தால் தோல் புற்றுக்கே இடம் கொடுத்தது ஆகலாம்.

கட்டி வைப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிக் கடலுக்குள் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து மூச்சு முட்டி, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அம்மோனியா ஈரத்தைக் கண்டால் உடனே கரைந்து காரமாகிவிடும். நீண்ட மூக்கின் ஈரப்பரப்புதான் அதற்கு முதல் இலக்கு. குளிர்ச்சி தரும் அதே மூக்கு அன்றைக்கு நாய்க்கு எதிரி. அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளமும் வந்தது. தொழிற்சாலைகளுக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிறவர்கள் நாயைச் சங்கிலியில் பூட்டிவிட்டுத் தூங்குவதை விட்டுவிட வேண்டும். ஓடும்போது நாயை அவிழ்க்க யாருக்கும் கை வராது.

சாப்பாட்டில் பெரிய வித்தை இல்லை. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மத்தியையும் நெத்திலியையும் பச்சையாகப் போடுகிறார்கள். சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை உடைக்கும் நொதி இருக்கிறது. நாள்கணக்கில் பச்சையாகத் தின்றால் நாயின் நரம்பு தளரும். வேகவைத்து முள் எடுத்துப் போட்டால் அந்த நொதி அழிந்துவிடும், அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. கருவாடு வேண்டாம், உப்பு. இன்னொன்று: சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிவதுதான் ஆரோக்கியம். பக்கத்து வீட்டு அக்கா "இன்னா, நாய்க்குச் சோறே போடலியா?" என்று கேட்பார். பழிக்கு அஞ்சிச் சோற்றைக் கொட்டினால் மூட்டுதான் தேயும். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் சிமெண்டுத் தரையில் படுத்து முழங்கை காய்த்துப் போகும். ஒரு பழைய கோணி போதும்.

வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வடசென்னைக்காரர்களுக்குக் கிட்டேதான். மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. போகும்போது 'இது வேட்டை நாய் இனம்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். இந்த உடல்வாகில் அதிகம் ஆராயப்பட்ட கிரேஹவுண்டுக்குச் சில மயக்க மருந்துகள் மெதுவாகத்தான் இறங்கும். அவற்றை உடைக்கும் நொதி கல்லீரலில் குறைவு, தேக்கி வைக்கக் கொழுப்பும் இல்லை. ரத்தத்தில் சிவப்பணு கூடுதலாகவும் தைராய்டு அளவு குறைவாகவும் இருப்பது அதற்கு இயல்பு; மற்ற நாய்களின் அட்டவணையோடு ஒப்பிட்டால் இல்லாத நோய்க்கு மருந்து தர நேரும். மாநகராட்சி உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் எந்த இனமானாலும் கட்டாயம்.

கடைசியாக, இரண்டுக்கும் பொதுவான ஒரு நோய் ரத்த உறவு. நம் வீடுகளில் தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டினால் பிள்ளைக்குப் பரம்பரை நோய் வரலாம் என்று டாக்டர் எச்சரிப்பார். தாயிடமும் தந்தையிடமும் வந்த மரபணு நகல் இரண்டும் ஒரே மூதாதையின் பிரதியாக இருக்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு. நாயில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு. கையில் நாலைந்து நாயை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக் குட்டி விற்பவரிடம் இது சர்வ சாதாரணம். 'அசல் ரத்தம், வெளியே போகவே இல்லை' என்று அவர் பெருமையாகச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். தாயும் தந்தையும் வெவ்வேறு ஊரா, அவற்றுக்குக் காது கேட்கிறதா, இரண்டையும் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இத்தனையும் பேசி முடித்த அன்று நான் சொன்ன தீர்ப்பு இதுதான். பைக்கைக் காக்க மட்டும் நாய் என்றால் சந்து முனையில் படுத்திருக்கும் செம்பட்டைத் தெருநாயே போதும். இரண்டு வேளை சோறும் ஒரு ஊசியும் போட்டால் அது உங்கள் வாசலிலேயே கிடக்கும். இனம்தான் வேண்டும் என்றால், சுற்றுச்சுவரும் காலியிடமும் உள்ள மாதவரம் பக்கத்து வீட்டுக்கு ராஜபாளையம் பொருந்தும். காலடிப்பேட்டை மாடி வீட்டுக்குச் சிப்பிப்பாறை, அதிலும் சாம்பலோ செம்மண்ணோ நிறத்தில் ஒரு பெட்டைக் குட்டி. விடியற்காலை எழுந்து ஓட மருமகன் கையெழுத்துப் போட வேண்டும், மாடிக்கு வலை கட்ட மச்சான் கையெழுத்துப் போட வேண்டும்.

மச்சானுக்கு வெள்ளை ஆசை இன்னும் விடவில்லை. தை பிறந்ததும் பொதிகை ரயிலில் போய் இரண்டு ஊரிலும் பார்த்து வருவதாக ஏற்பாடு. நீங்களும் போவதாக இருந்தால் குட்டியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையிலிருந்து சாவிக்கொத்தை வெளியே எடுங்கள்.